பால் சுறா வாங்கும் இடம்

ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர் போன மாதம் ஆசிரியர் அறையில் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜொகூர் பாருவில் எங்கே சாப்பிடலாம், எங்கே சாமான் வாங்கலாம் என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். அவர்கள் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். எங்கள் பள்ளியில் எனக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. நான்காம் ஆண்டுக்கு அறிவியல் சொல்லித் தருவதைவிட, எந்தக் கடையில் எந்த நேரத்தில் எது சூடாக இருக்கும் என்று சொல்வதில்தான் எனக்குக் கெட்டிக்காரத்தனம் என்று தலைமையாசிரியரே கேலி செய்வார்.

வந்தவர் கையில் சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். வாழையிலைச் சோற்றுக்குப் பழைய ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் கடை. ஆனால் சனி, ஞாயிறு போகக் கூடாது. சிங்கப்பூர்க்காரர்கள் வந்து மேசைகளைப் பிடித்துவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்கே நண்டுக் கறி தீர்ந்துவிடும். தோசைக்கு ஸ்கூடாயில் ஒரு முக்குக் கடை, மாவு கொஞ்சம் புளித்திருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். காய்கறிக்குப் புதன்கிழமை பசார் மாலாம், அந்த இரவுச் சந்தை. கூட்டம் சேர்ந்த பிறகு போனால் வாடின கீரைதான் கிடைக்கும், கடை விரிக்கிற சாயங்காலத்திலேயே போக வேண்டும். லக்சா ஜொகூர், மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வேண்டுமென்றால் தெப்ராவில் ஒரு மலாய்க்கார அம்மா. கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். முள்கரண்டி கேட்டால் கொடுப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"மீனு எங்க டீச்சர் வாங்குவீங்க? இங்க கடல் பக்கத்துலதானே இருக்கு, நல்லா கெடைக்கும்ல?"

மணி அடித்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

மீன் வாங்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த இடத்தைச் சொன்னால் அதோடு சேர்த்து மற்றதையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பயம். சொல்லாமல் இருந்து ஒருமுறை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

என் மகன் பிறந்தபோது என் அம்மா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். ஷிப்டு வேலை, ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் பத்தியம் பார்க்க லாபிஸிலிருந்து அத்தை வந்தார். அத்தை என்றால் என் மாமியார். பேருந்திலிருந்து இறங்கும்போதே இரண்டு பைகள் நிறைய நல்லெண்ணெய், பூண்டு, மிளகு, சுக்கு, பிள்ளை குளிப்பாட்ட மூலிகை இலை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் அந்த நாற்பது நாளும் பூண்டு வாசனை திரைச்சீலையில்கூட ஒட்டியிருந்தது. நான் விரும்பிச் சாப்பிட்ட எதுவும் எனக்குக் கிடையாது. நண்டு கூடாது, தோசை கூடாது, புளி கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது. என் அறையில் எப்போதும் ஒரு வெந்நீர் பிளாஸ்க் இருக்கும். அதிலிருந்துதான் குடிக்க வேண்டும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அத்தை ஐந்து மணிக்கு எழுந்து எனக்காக அரைப்பார். அந்த அம்மிக் கல்லைக்கூட அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மூன்றாம் நாள் என் கணவரை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பால் சுறா வாங்கிவரச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் சுறாப்புட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அத்தையின் முடிவு. என் அம்மாவும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். என் கணவர் தினமும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மீன் வகை தெரியாது. மார்க்கெட்டில் எந்தக் கடையில் கேட்பது என்று தெரியாமல் தூக்கக் கலக்கத்தோடு நின்றிருக்கிறார். மீன் விற்கும் ஒரு சீனத்து ஆண்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பினி சுடா பெரானாக்?" என்று கேட்டாராம். பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று. இவர் ஆமாம் என்று தலையாட்டியதும், கேட்காமலே ஐஸ் பெட்டிக்கு அடியிலிருந்து முழங்கை நீளத்தில் இரண்டு சுறாக்குட்டிகளை எடுத்துப் போட்டு, சுத்தத் தமிழில் "பால் சுறா" என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நம்ம ஆளுங்க முகத்தைப் பார்த்தே பிள்ளை பிறந்த நாளைச் சொல்லிவிடும் அந்த ஆண்ட்டி என்றார்.

அத்தை மீனை மஞ்சளில் வேக வைத்து, தோலை உரித்து, முள் எடுத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் புரட்டுவார். ருசியாகத்தான் இருந்தது. காலையும் மதியமும் சாப்பிட்டேன். இரவு முருங்கைக்கீரை.

பால் வரவில்லை. கொஞ்சம் வந்தது என்று சொல்வதுதான் சரி. பிள்ளை பத்து நிமிடம் சப்பிவிட்டு, வாயை எடுத்து, முகம் சிவக்கச் சிவக்க அழுவான். மறுபக்கம் மாற்றிப் போடுவேன். மறுபடியும் அதே அழுகை. ஆறாம் நாள் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த மிஸ்ஸி, அந்த மலாய்க்கார நர்ஸ், கையோடு கொண்டு வந்த தராசில் பிள்ளையைக் கிடத்திவிட்டு முகத்தைச் சுருக்கினார். பிறந்தபோது இருந்த எடையைவிட நிறையக் குறைந்திருந்தான். தாய்ப்பாலோடு பால் மாவும் கரைத்துக் கொடுங்கள், இரண்டு நாளில் மறுபடியும் வருகிறேன் என்றார். அத்தை அப்போது சமையலறையில் இருந்தார். மிஸ்ஸி மலாயில் மெதுவாகச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

நான் அத்தையிடம் நேராகக் கேட்கவில்லை. சுற்றிவளைத்து, என் தோழி ஒருத்தி பால் மாவு கொடுக்கிறாளாம் என்று ஆரம்பித்தேன். அத்தை பூண்டு உரித்துக்கொண்டே சிரித்தார்.

"டின்னு பாலு குடிச்சா மாட்டுப் புள்ளம்மா அது. நம்ம பேச்சக் கேக்காது, மாட்டுக்காரன் பேச்சத்தான் கேக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். லாபிஸ் பக்கத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் அப்படிப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள் போல. ஆனால் நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். படித்தவள், வேலைக்குப் போகிறவள், அதனால்தான் பாலில்லை என்று உறவில் பேசுவார்கள் என்று எனக்குள்ளேயே ஒரு கதை ஓடியது. யாரும் அப்படிப் பேசவில்லை. பேசிவிடுவார்கள் என்று நான் பயந்தேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கணவர் பால் மாவு வாங்கி, மழைக்கோட்டுப் பைக்குள் மறைத்துக் கொண்டு வந்தார். அவருடைய யோசனைதான், ஆனால் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டு வாரந்தானே. அப்புறம் பால் வந்துடும். அம்மாகிட்ட எதுக்கு சொல்லி மனசு கஷ்டப்படுத்தணும்" என்றார். அறையில் நான் குடிப்பதற்கு ஒரு மால்ட் டின் இருந்தது. மால்ட்டைக் கொட்டிவிட்டு அதில் பால் மாவை நிரப்பினோம். வெந்நீர் பிளாஸ்க் ஏற்கெனவே அறையில்தான் இருந்தது. புட்டியைத் துணி அடுக்குக்குள் வைத்தேன்.

பிள்ளை பால் குடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவள் கண்ணே படும் என்பார்கள். அத்தை அதில் மிகவும் கண்டிப்பு. பிள்ளை சிணுங்க ஆரம்பித்தால் என்னை அறைக்குள் அனுப்பி, அவரே வெளியிலிருந்து கதவைச் சாத்துவார். யாராவது பார்க்க வந்திருந்தால், "உள்ள பால் குடுக்குது, இருங்க" என்று கூடத்தில் உட்கார வைப்பார். எங்கள் பொய்க்கு அத்தைதான் காவல் இருந்தார்.

பிள்ளை தேறினான். இரண்டாம் வாரத்திலேயே கன்னம் உப்பியது. மிஸ்ஸி தராசைப் பார்த்துத் தலையாட்டினார். அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் லாபிஸ், யோங் பெங், கூலாய் என்று ஒவ்வொரு உறவாகக் கூப்பிட்டுச் சொன்னார். சுறாப்புட்டுதான், வேற ஒண்ணும் இல்ல, டீச்சர் வேலை பாக்குற புள்ள, ஒரு வாய் வேணாம்னு சொன்னதில்ல. நான் அறைக்குள் புட்டியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாற்பது நாள் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், அத்தை என்னையும் பிள்ளையையும் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். கோயிலுக்கு அடுத்துப் போன இடம் அதுதான். மீன்கார ஆண்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பிள்ளையின் தொடையைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கோழிக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தன்னுடைய மீன் வளர்த்த பிள்ளை என்று மலாயில் சொன்னார். அத்தையும் ஆண்ட்டியும், ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் பாதிதான் தெரியும், கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்தக் கடை அன்றைக்கு மிகவும் பிடித்துப்போனது. ஈரத் தரை, ஐஸ் கட்டி உடையும் சத்தம், தலைக்கு மேலே சுற்றும் ஈ விரட்டும் நாடா. இந்த ஊரில் என்னையும் ஒரு ஆளாக மதித்து நின்று பேசும் முதல் கடை அது. அதன் பிறகு வாராவாரம் போனேன். என்னைப் பார்த்ததும் சுறா எடுத்து வைத்துவிடுவார். அத்தை ஊருக்குத் திரும்பிய பிறகும் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பால் மாவு தீர்ந்தால் தெப்ராவுக்குப் போவேன். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. டின்னை வாங்கிப் பையின் அடியில் வைத்து, மேலே ரொட்டியையும் வாழைப்பழத்தையும் அடுக்கிவிட்டு, அந்த லக்சாக் கடையில் உட்காருவேன். முதல் தடவை போனபோது அந்த மலாய்க்கார அம்மா என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, "அலமாக், மாசே பந்தாங் கே?" என்றார். இன்னும் பத்தியத்தில்தானே இருக்கிறாய் என்று. அவர்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. சம்பல் இல்லாமல், குழம்பைக் குறைத்து ஊற்றிக் கொடுத்தார். நான் பிசைந்து சாப்பிடும்போது பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பைக்குள் ரொட்டி விலகித் தெரிந்த பால் டின்னின் மூடியைப் பார்த்தார். சுடுதண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அந்தக் கடையில்தான் என் மகனுக்கு முதன்முதலில் எல்லோரும் பார்க்கப் பால் கரைத்துக் கொடுத்தேன். அன்றே வீட்டுக்குப் போய் அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வழியில் இருக்கும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்தத் தைரியம் போய்விட்டது.

என் கணவரின் தங்கை, என் நாத்தனார், கர்ப்பமான செய்தி வந்தபோது என் மகனுக்கு ஐந்து மாதம். அவள் மாசாயில் இருந்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள். என்னிடம் ரொம்பப் பிரியம். எதைச் செய்தாலும் ஒரு செய்தி அனுப்பி, "அண்ணி, இது சரியா?" என்று கேட்பாள். வளைகாப்பில் அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். நாத்தனார் என் காதருகே குனிந்து, "அண்ணி, எனக்கு ஊசியெல்லாம்கூடப் பயமில்ல. பால் மட்டும் வரலைன்னா என்ன பண்றதுன்னுதான் பயம்" என்றாள். அத்தை அதைக் கேட்டுவிட்டார்.

"உங்க அண்ணிக்கு வந்துச்சுல்ல? அதே மார்க்கெட்டு, அதே மீனு, அதே கைதானே சமைக்கப் போவுது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தனியாக ஒரு நாள் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு மாதத்தில் அவளைத் தனியாக நான்கு முறையாவது பார்த்திருப்பேன். ஒருமுறை அவளோடு ஸ்கூடாய்க்குப் போய்த் தோசை சாப்பிட்டேன். எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். தொட்டிலைப் பற்றிப் பேசினோம், பிள்ளைக்கு வைக்கும் பெயரைப் பற்றிப் பேசினோம். அவள் சந்தோஷமாக இருந்தாள். இந்த நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குப் பால் வந்துவிடும், எல்லோருக்கும் வராமல் போகுமா என்றும் சொல்லிக்கொண்டேன்.

அவளுக்குப் பெண் பிறந்தது. அத்தை மாசாயில் தங்கினார். சுறா மட்டும் எங்கள் மார்க்கெட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிக்குப் போகும் முன் நான் போய் வாங்கி, கழுவி, டப்பாவில் போட்டு வைப்பேன். கணவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் மாசாய்க்குக் கொண்டு போவார். ஆண்ட்டி இப்போது யாருக்கு என்று கேட்டு, தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். என் கையால் வாங்கினேன். என் கையால் கழுவினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் நினைக்காமல் இருக்க முயன்றேன் என்பதுதான் ஞாபகம் வருகிறது.

ஐந்தாம் நாள் ஒரு படம் அனுப்பினாள். துணியில் சுற்றிய பிள்ளை. கீழே எழுதியிருந்தாள்: "அண்ணி, எழுந்துக்கவே மாட்டேங்குறா. நல்லா தூங்குறா. அம்மா நல்ல புள்ளன்னு சொல்றாங்க. மிஸ்ஸி பால் மாவு குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க, நான் வேணாம்னுட்டேன். உங்களுக்கும் மொதல்ல கொஞ்சமாத்தானே வந்துச்சு?"

பள்ளி இடைவேளை அது. மாணவர்கள் கேண்டீனில் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் மஞ்சளாகத் தெரிந்தது. விளக்கு வெளிச்சமாக இருக்கலாம் என்று நினைத்தேன். எழுதினேன்: எனக்கு வரவில்லை, நான் பால் மாவுதான் கொடுத்தேன், நீயும் கொடு. படித்துப் பார்த்தேன். அழித்தேன். அதற்குப் பதிலாக, "எதுக்கும் மிஸ்ஸி சொல்றத கேட்டுக்கோமா" என்று அனுப்பினேன். அவள் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினாள். என்னால் சொல்ல முடிந்த உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டதாக நினைத்து, வகுப்புக்குப் போய்ப் பாலூட்டிகளைப் பற்றிய பாடத்தை நடத்தினேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். "இப்பப் போய்ச் சொன்னா அம்மா என்ன நெனப்பாங்க? நீயே பாத்துச் சொல்லு" என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு மாசாய்க்குப் போனார்.

எட்டாம் நாள் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, காமாலை மிகவும் ஏறிவிட்டது என்றார்கள்.

அத்தை அங்கேயும் புட்டு கேட்டார். பெற்றவள் சாப்பிட்டால்தானே பால் ஊறும் என்றார். அன்று நானே சமைத்து, மதியம் பார்வையாளர் நேரத்தில் கொண்டு போனேன். வார்டுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னை அனுப்பினார்.

பிள்ளை நீல விளக்கின் கீழே கிடந்தது. கண்ணைத் துணியால் கட்டியிருந்தார்கள். மூக்கில் மெல்லிய குழாய். நாத்தனார் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை நீட்டினேன். வாங்கித் திறந்து, பேசாமல் விரலால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பசியில் சாப்பிடுகிறவள் போல இல்லை. மருந்து சாப்பிடுகிறவள் போல, ஒரு துணுக்கும் சிந்தாமல் எடுத்தாள்.

"அண்ணி, உங்களுக்கு எத்தனாவது நாளு இறங்குச்சு? சரியா ஞாபகம் இல்லாட்டியும் பரவால்ல. ஒரு நாள சொல்லுங்க. அது வரைக்கும்னு நெனச்சிக்கிட்டு இருப்பேன்."

ஒரு நாளைச் சொல்லிவிட என் வாய் திறந்தது. பத்தாம் நாள் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். பிள்ளையின் கால் அப்போது அசைந்தது. அதில் ஒட்டியிருந்த ஊசிப் பிளாஸ்திரி அவ்வளவு பெரிதாக இருந்தது.

"எனக்கு இறங்கல. மொத வாரத்துலேர்ந்து பவுடர் பாலுதான் குடுத்தேன்."

வாயில் இருந்ததை அவள் மென்று முடித்தாள். முழுங்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டப்பாவை மூடினாள். நான்கு பக்கமும் அழுத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்து, என் கையில் கொடுத்தாள்.

"போங்க அண்ணி. பாப்பா தூங்குறா."

வெளியே அத்தை டப்பாவின் கனத்தைப் பார்த்து, ஏன் மிச்சம் என்று கேட்டார். அவரிடமும் அங்கேயே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கரைச்சுக் குடுத்திருப்பேனேம்மா."

உண்மையிலேயே கொடுத்திருப்பாரா? அந்த ஒரு வாக்கியத்தை நான் இத்தனை நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சில நாள் கொடுத்திருக்க மாட்டார் என்று தோன்றும். அப்போது மனது கொஞ்சம் லேசாகும். சில நாள் நிச்சயமாகக் கொடுத்திருப்பார், சிரித்துக்கொண்டே, மாட்டுப் பிள்ளை என்று கொஞ்சிக்கொண்டே கொடுத்திருப்பார் என்று தோன்றும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தது. இப்போது ஒன்றரை வயது நடக்கிறது. ஓடுகிறாள், ஏறுகிறாள் என்று கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அந்தக் காமாலையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்றாராம். அவர் எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நாத்தனார் அண்ணனோடு பேசுகிறாள். என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அத்தை வந்தார். ஒரு வேளை சாப்பிட்டார், போய்விட்டார். என் மகனைத் தூக்கவும் செய்தார். ஆனால் அவன் கன்னத்தைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

மார்க்கெட்டுக்கு நான் பல மாதம் போகவில்லை. பேரங்காடியில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய மீனை வாங்கினேன். ருசியே இல்லை. என் மகனுக்கு மீன் என்றால் உயிர். அதைத் துப்பினான். அதனால் போன வாரம், ஈப்போ ஆசிரியை கேட்ட கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருந்ததாலும், அவனை அழைத்துக்கொண்டு அந்த மார்க்கெட்டுக்குப் போனேன்.

ஆண்ட்டி அங்கேயேதான் இருந்தார். எங்கே போய்விட்டாய் என்று கோபித்துக்கொண்டார். என் மகனை மீன் மேசைக்கு மேலே தூக்கி நிறுத்தினார். அப்போது கடைக்கு முன்னால் ஒரு தமிழ் இளைஞர், தொழிற்சாலைச் சீருடையோடு, கண் சிவந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை எனக்கு யாரென்று தெரியாது. ஆனால் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆண்ட்டிக்கும் தெரிந்தது. கேட்காமலே இரண்டு சுறாக்குட்டிகளை எடுத்துப் போட்டு, என் மகனைக் காட்டி, "தெங்கோக் இனி புடாக்" என்றார். இந்தப் பிள்ளையைப் பார், இந்த மீனில் வளர்ந்தது என்று.

இளைஞர் என் பக்கம் திரும்பி, "நெசமாக்கா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. இவன் பால் மாவுல வளந்தான். மீன் வாங்கிக் குடுங்க, நல்லதுதான். ஆனா புள்ளைய எடை போட்டுப் பாருங்க. மிஸ்ஸி பவுடர் பாலு குடுக்கச் சொன்னா அன்னிக்கே குடுங்க. தூங்கிட்டே இருந்தா விட்டுடாதீங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோழிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தொலைபேசியில் ஒரு பெண் குரல் யார் அது என்று கேட்டது. இளைஞர் ஒரு பக்கமாகத் திரும்பி, "யாரோ ஒரு அக்காம்மா, என்னமோ சொல்றாங்க" என்றார். அந்தக் குரல் ஏதோ சொன்னது. சரிம்மா, சரிம்மா என்றார். இரண்டு போதாது, இன்னொன்றும் கொடுங்கள் என்று ஆண்ட்டியிடம் விரலைக் காட்டினார்.

போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாரா, ஒரு பைத்தியத்துக்கு மரியாதை செய்தாரா என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் அவர் முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது. எந்தப் பேட்டை, எந்த வீடு என்றுகூடக் கேட்கவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. கேட்டு என்ன செய்திருப்பேன்?

நான் தமிழில் பேசியதில் ஆண்ட்டிக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. முக்கால்வாசி புரிந்திருக்கும். என் மகனை மேசையிலிருந்து இறக்கிவிட்டார். நான் கேட்ட கெம்போங் மீனைச் சுத்தம் செய்து, பையில் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். வழக்கமாக எனக்காக ஒதுக்கி வைக்கும் சுறாவை எடுக்கவில்லை.

அந்த ஆசிரியை இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டார். நோட்டில் மீன் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார். அவர் வயிறு இப்போது லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கும் மணி அடிக்கும் முன்னே நான் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன்.